அம்பத்தூர் சைக்கிளும் நாற்பது மில்லிமீட்டர் டயரும்

சரளைப் பாதைக்கென்றே வரும் கிராவல் பைக்கை வாங்கப் போகிறவர் பிரேம் அலுமினியமா எஃகா, கியர் எத்தனை என்பதையெல்லாம் ஒரு மாலையில் முடிவு செய்துவிடுவார். டயர் அகலத்தில் வந்து நின்றுவிடுவார். 32 மில்லிமீட்டர் போதுமா, 40 என்றால் வேகம் குறையுமா, 50 போட்டால் மிதிக்கவே முடியாமல் போகுமா என்று குழம்புவார். ஆவடியிலிருந்து தெற்கே அயலச்சேரி, மேல்பாக்கம் பக்கமோ, வடக்கே வெள்ளானூர், மோரை, பாண்டேஸ்வரம் பக்கமோ காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இது இப்போதுதான் முளைத்த கேள்விபோலத் தெரிகிறது. கடைக்காரர்களும் புதுச் சரக்காகத்தான் விற்கிறார்கள். ஆனால் இதே வட்டாரத்தில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கிடைத்துவிட்டது. அந்த விடை அம்பத்தூரிலேயே உற்பத்தியாகி ஊர் ஊராகப் போயும் சேர்ந்தது. பழைய கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிளின் டயர் பக்கவாட்டில் 28×1½ என்று அச்சிட்டிருக்கும். அதன் சர்வதேசக் குறியீடு 40-635. முதல் எண் டயரின் அகலம். அடுத்தது, ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். இன்று கடையில் நிற்கும் கிராவல் பைக்குகள் பலவற்றில் உள்ள டயரின் குறியீடு 40-622. விட்டம் 13 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, அகலம் அப்படியே இருக்கிறது. இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல என்பது என் கட்சி. ஒரே மாதிரிப் பாதை ஒரே மாதிரி டயரைத்தான் கேட்கும். இடையில் டயர்கள் மெலிந்ததற்குப் பாதை காரணமல்ல.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளிவரலாயின. பர்மிங்காமில் 1910இல் பிறந்த ஹெர்குலிஸ் கம்பெனியை 1946இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வாங்கியிருந்ததால் அந்தப் பெயர் இங்கே வந்தது. பின்னால் பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்களும் அதே வழியில் வந்து சேர்ந்தன. சைக்கிள் தொழிற்சாலை தனியாக நிற்கவில்லை. பிரேமுக்கு வேண்டிய எஃகுக் குழாய் செய்ய 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. செயினுக்காக 1960இல் அம்பத்தூரில் டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. 1959இல் டன்லப் கம்பெனி தன் டயர் தொழிற்சாலையை அம்பத்தூரில் நிறுவியது. அந்தத் தொழிற்சாலை பூட்டிக் கிடந்த பிறகும் டன்லப் என்றால் பஸ் கண்டக்டருக்கு எந்த நிறுத்தம் என்று தெரியும். ஆக, குழாய் ஆவடியில், செயினும் முழு வண்டியும் அம்பத்தூரில், அதே சாலையில் ஒரு டயர் தொழிற்சாலை என்று, சைக்கிள் சம்பந்தப்பட்ட தொழில் அறிவு ஏழெட்டு கிலோமீட்டருக்குள் குவிந்திருந்தது. காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரியில் ஆவடியில் கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காலமும் இதுதான். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. டாங்கி செய்யும் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்கு வந்தவர்கள் சைக்கிளில்தான் வந்தார்கள்.

அவர்கள் வந்த பாதைதான் இந்த விவாதத்தின் மையம். மதராஸிலிருந்து திருவள்ளூர் போகும் பெருஞ்சாலையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் ஜல்லி கொட்டி உருளை ஓட்டித் தார் பூசப்பட்டவை. அவற்றைவிட்டு இறங்கிய மறுகணம் வேறு உலகம். ஊர்களுக்கு இடையே ஓடியவை செம்மண் தடங்கள், ஏரிக்கரைகள், களிமண் வயல் வரப்பு ஓரங்கள், செம்புரைச் சரளை கொட்டிய வண்டிப்பாதைகள். சென்னைக்கு மேற்கே இந்தச் சரளைக்குப் பஞ்சமே இல்லை. திருவள்ளூர் மாவட்டத்து நிலத்தில் செம்புரையும் உருண்டை உருண்டையான குவார்ட்சைட் கூழாங்கற்களும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்திலும் பிறகு கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்காலக் கைக்கோடரிகளை இந்த மாதிரிச் சரளையிலிருந்துதான் எடுத்தார். அத்திரம்பாக்கத்தின் காலத்தை 15 லட்சம் ஆண்டுகள் பின்னே கொண்டுபோகிறார்கள். கைக்கோடரிக்கு உதவிய கூழாங்கல் சைக்கிள் சக்கரத்துக்கு உதவவில்லை என்பது வேறு விஷயம். அது உருண்டை, அழுத்தினால் நகரும். கூர்மையான ஜல்லி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நிற்கும், கூழாங்கல் விலகி ஓடும். மழைக்கு அரித்த பின் மேலே நிற்பது அந்தக் கூழாங்கல்தான்.

அகலம் பற்றிய விவாதத்தை சைக்கிள்காரர்கள் தொடங்கவும் இல்லை. அது மாட்டுவண்டியோடு வந்தது. ஒரு டன் பாரத்தை இரண்டு மெல்லிய இரும்புப் பட்டைகளின் மேல் நிறுத்தினால் பாதையில் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1753இலேயே சுங்கச் சாலைகளில் ஓடும் பார வண்டிகளுக்கு ஒன்பது அங்குல அகலச் சக்கரம் வேண்டும் என்று சட்டம் போட்டுப் பார்த்தது. நம் ஊர்க் கட்டை வண்டிக்கு அப்படி அகலம் கிடைக்கவில்லை. பள்ளம் மட்டும் விழுந்தது. எழுபதுகளில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியை ஒரு தேசியப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசினார். இரும்புப் பட்டை சாலையையும் கெடுக்கிறது, மாட்டின் கழுத்தையும் கெடுக்கிறது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. அதற்குள் காற்றடித்த ரப்பர் டயர் மாட்டிய டயர் வண்டி ஊர்களுக்கு வந்துவிட்டது. அதே மாடு கூடுதல் பாரத்தைக் குறைந்த சிரமத்தில் இழுப்பதை விவசாயி கண்ணால் பார்த்தார். அகன்ற, காற்று குறைந்த சக்கரம் மோசமான தடத்தில் இலகுவாக உருளும் என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனையை எந்தச் சைக்கிள் பத்திரிகையும் நடத்தியதில்லை. மாடு விளம்பரத்தைப் படிப்பதில்லை.

இந்தப் பின்னணியில் அந்தக் கறுப்புச் சைக்கிளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் 22 இன்ச், 24 இன்ச் என்று கேட்டு வாங்குவது பிரேமின் உயரத்தை. சக்கரம் இரண்டுக்கும் ஒன்றுதான், 28. முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் பின்னால் விழும் என்று கணக்குப் போட்டுக் கோத்த எண்ணிக்கை அது. கேரியரில் நெல் மூட்டையோ பால் கேனோ, முன்பாரில் பிள்ளையோ உட்காரும்போது பின் டயர் சுமப்பது ஒரு மனிதனின் எடையை அல்ல. பிரேக்கு கம்பியால் இழுக்கும் ராடு பிரேக்கு. அதன் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது. உள்பக்கத்தை, சக்கரத்தின் நடுவைப் பார்த்த முகத்தை, மேல்நோக்கி அழுத்தும். இதில் ஒரு பெரிய சௌகரியம் ஒளிந்திருக்கிறது. டயர் எவ்வளவு அகலம் என்பது பற்றிப் பிரேக்குக்குக் கவலையே இல்லை. மட்கார்டும் டயரைவிட நன்றாகவே அகலம்; ஏரிக்கரைச் சேறு ஒட்டினாலும் சக்கரம் சுற்ற இடம் இருக்கும். முன் கவட்டை நன்றாக முன்னே சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகம். கையில் அதிர்வு குறையும், நேர்கோட்டில் தானாக ஓடும். 635 மில்லிமீட்டர் விட்ட ரிம்மில் 40 மில்லிமீட்டர் டயர் ஏறினால் மொத்தச் சக்கரம் சுமார் 715 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் பைக் சக்கரத்தைவிடப் பெரியது. பள்ளத்தின் விளிம்பில் ஏறி இறங்கும்போது பெரிய சக்கரம் குறைவாகவே இடறும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்த 40 மில்லிமீட்டரை நம் பாதையைப் பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லையே, இங்கிலாந்துக்காரன் வரைந்த வரைபடத்தை அம்பத்தூரில் அப்படியே செய்தார்கள், அவ்வளவுதானே என்பது அது. வரைபடம் அங்கிருந்துதான் வந்தது, உண்மை. ஆனால் இங்கிலாந்தில் அந்த அளவு நிலைத்தபோது அங்கேயும் கிராமத்துச் சாலைகள் தார் கண்டிருக்கவில்லை. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு வந்த முதல் தலைமுறைச் சைக்கிள்கள் ஓடியது சுண்ணாம்புக்கல்லும் சரளையும் கொட்டிய பாதைகளில். பிரான்சில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவீ மலைச் சாலைகளில் நாள் முழுக்கப் போவதற்கு அகன்ற, மெல்லிய தோல் கொண்ட டயரே தகும் என்று வாதாடினார். அவர் வழி வந்த நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் 42 மில்லிமீட்டர் டயரைப் பழக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு நாடு, இரண்டு மரபு, ஏறக்குறைய ஒரே எண். சரளை தன் அளவைத் தானே சொல்லியிருக்கிறது. இரண்டாவதாக, எப்படி வந்தது என்பதைவிட ஏன் நிலைத்தது என்பதே வலுவான சான்று. 26×1⅜ டயர் போட்ட இலகு ரக சைக்கிள், பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். என்று பள்ளிப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, அதே அம்பத்தூரிலிருந்துதான் வந்தது. அதன் டயர் 37 மில்லிமீட்டர். பார்க்க அழகு, ஓட்ட இலகு. நகரத்தில் அது ஜெயித்தது. ஊர்ப்புறத்தில், தார்ச்சாலை விட்டு உள்ளே போகிறவரும் பாரம் ஏற்றுகிறவரும் பெரிய சைக்கிளை விடவில்லை. தேர்வு செய்ய இரண்டு வண்டியும் கடையில் இருந்தபோதும் விடவில்லை. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கும் சற்றே சிறிய சக்கரத்துக்கும் அவர்கள் கொடுத்த தீர்ப்பு அது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு சிக்கலானதல்ல. 70 கிலோ மனிதர் 10 கிலோ சைக்கிளில் உட்கார்ந்தால் பின் சக்கரத்தில் சுமார் 45 கிலோ விழும். டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் இருந்தால் அந்த டயர் தரையை ஏறத்தாழ 15 சதுர சென்டிமீட்டர் தொட்டுக்கொண்டிருக்கும். டயர் மெலிந்ததா அகன்றதா என்பதைப் பொறுத்து இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும்: மெலிந்ததில் நீளமாக, அகன்றதில் குட்டையாக. அப்படியானால் அகலத்தால் என்ன லாபம்? மெலிந்த டயரில் 3 கிலோ அழுத்தம் வைத்து ஓட்டவே முடியாது என்பதுதான் லாபம். 28 மில்லிமீட்டர் டயரில் காற்று அவ்வளவு குறைந்தால் முதல் கல்லிலேயே ரிம் தட்டும், டியூப் இரண்டு பக்கமும் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல ஜோடி ஓட்டை விழும். அதைத் தவிர்க்க ஐந்தரை கிலோ வரை அடித்தாக வேண்டும். அப்போது டயர் ஒவ்வொரு கூழாங்கல்லையும் விழுங்காமல் அதன் மேல் ஏறி இறங்குகிறது. ஏறும்போது தூக்கப்படுவது முழு வண்டியும் ஓட்டுகிறவரும். அந்தத் தூக்கலுக்கான சக்தி மிதிக்கிறவர் காலிலிருந்து போகிறது. இறங்கும்போது அது திரும்பி வருவதில்லை, இடுப்பிலும் முழங்கையிலும் சூடாகக் கரைந்துபோகிறது. 40 மில்லிமீட்டர் டயர் குறைந்த காற்றோடு அந்தக் கல்லைத் தன் தோலுக்குள் வாங்கிக்கொள்கிறது. வண்டி எழும்பாமல் முன்னே போகிறது.

பிறகு ஏன் டயர்கள் மெலிந்தன? பந்தயத்தைப் பார்த்து. மேற்கத்திய நாடுகளில் சாலைகள் வழவழப்பானதும் மெலிந்த டயருக்கு நிறைய காற்று அடித்தால் வேகம் என்ற நம்பிக்கை வேரூன்றியது. தொண்ணூறுகளில் பந்தயச் சைக்கிளுக்கு 23 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட மத விதி. டிரம் ஒன்றை இரும்பில் வழவழப்பாகச் செய்து அதன் மேல் டயரை உருட்டி அளந்தால் அது சரியென்றே தோன்றும். நிஜச் சாலையில் மனிதரை உட்கார வைத்து அளந்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். 2006 வாக்கில் ஜான் ஹைனேயின் பைசைக்கிள் குவார்ட்டர்லி என்ற பத்திரிகை வெளியிட்ட சோதனைகளில் அகன்ற, இளகிய தோலுள்ள டயர் மெலிந்ததைவிட மெதுவாக இல்லை. பாரத்துக்கு ஏற்ப டயர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று பிராங்க் பெர்ட்டோ ஒரு வரைபடம் தந்தார். உயரத்தில் 15 சதவீதம் அமுங்குவது சரி என்றார். கடைசியில் பந்தயக்காரர்களே 25க்கும் 28க்கும் நகர்ந்தார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய சரளைப் பாதைப் பந்தயம் வளர்ந்து, கிராவல் பைக் என்று ஒரு தனி இனமே கடைக்கு வந்தது. அது 38, 40, 45 என்று போய் நின்றது. இதில் அதிகம் பேசப்படாத ஒரு சின்னப் பொறியியல் காரணமும் உண்டு. பந்தய வண்டியின் காலிப்பர் பிரேக்கு இடுக்கிபோல டயரைச் சுற்றி வந்து ரிம்மின் இரு பக்கத்தையும் பிடிப்பது. அதன் கைகளுக்கு நடுவே நுழையும் அளவுக்குத்தான் டயர் இருக்க முடியும். டிஸ்க் பிரேக்கு வந்து பிடிமானத்தைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுபோனதும் டயர் மறுபடி அகலத் தொடங்கியது. அம்பத்தூர் ராடு பிரேக்கில் இல்லாத ஒரு தடையை உண்டாக்கி, பல பத்தாண்டு கழித்து நீக்கி, அதைப் புதுமை என்று விற்றிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் அடுத்த மறுப்பு தயாராக இருக்கும்: பெரிய சைக்கிள் அத்தனை நல்லது என்றால் அது ஏன் அத்தனை மெதுவாக ஓடியது? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த வண்டி 20 கிலோவைத் தாண்டும், கியர் கிடையாது, இரும்பு ரிம். அதைவிட முக்கியமாக, அதன் டயரின் அகலம் சரி, தோல் சரியில்லை. பாரத்தையும் முள்ளையும் மனதில் வைத்து முரட்டு நூலில் தடித்த ரப்பர் பூசிச் செய்த டயர் அது. கல்லை விழுங்க வேண்டிய இடத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும். அகலம் மட்டும் போதாது, இளகவும் வேண்டும் என்பதை வெலோசியோவின் ஆட்கள் அறிந்திருந்தார்கள். நம் உற்பத்தியாளர்களுக்கு விலை முக்கியம், உழைப்பு முக்கியம். அதையும் குறை சொல்ல முடியாது. இந்த வட்டாரத்துக் கரைகளிலும் புறம்போக்குகளிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெட்டிப்போட்ட கிளையின் காய்ந்த முள் ஒன்று மெல்லிய டயரைத் தைத்தால் அடுத்த பஞ்சர் கடை வரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது அரை நாள் சம்பளம். அவருக்கு வேகத்தைவிட நிச்சயம் பெரிது. இன்றைக்கு டியூப் இல்லாமல் உள்ளே ரப்பர்ப் பால் ஊற்றி ஓட்டும் முறை சிறு முள் ஓட்டையைத் தானே அடைத்துவிடுவதால், இளகிய தோலையும் முள்ளையும் ஒரே டயரில் சமாளிக்க முடிகிறது. பழைய வண்டிக்குக் கிடைக்காத ஒரே நிஜமான முன்னேற்றம் என்று நான் இதைத்தான் சொல்வேன். சென்னை வெயிலில் அந்தப் பால் சில மாதங்களில் காய்ந்துவிடும், பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும் என்பதையும் விற்கிறவர் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் பாதையும்தான் தார் போட்டாயிற்றே, சந்துக்குச் சந்து சிமெண்டுச் சாலை வந்தாயிற்றே, இனி எதற்கு 40 என்று கேட்பவர்களும் உண்டு. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியாக ஆறு வழியில் பறக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் மண் பாதை குறைந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் டயர் உருள்வது வரைபடத்தில் அல்ல. குழாய் பதிக்கத் தோண்டி மண் போட்டு மூடிய நீளக் கோடு, மழைக்குப் பிறகு ஜல்லி பெயர்ந்த தார், மணல் சிந்திய லாரித் திருப்பம், வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை, சிமெண்டுச் சாலையின் விளிம்பில் அரையடிப் பள்ளம், இவையெல்லாம் சேர்ந்ததுதான் நகரம் வந்து தொட்டுக்கொண்டிருக்கும் கிராமத்தின் சாலை. ஒரே மாதிரியான செம்மண் தடம் இதைவிட நல்லது; எதை எதிர்பார்ப்பது என்றாவது தெரியும். அரைகுறைச் சாலையில் அதிர்ச்சி எதிர்பாராமல் வருகிறது. வேகமும் கூடுதலாக இருக்கிறது. மெலிந்த டயருக்கு மிக ஆபத்தான இடம் அதுதான். தார் வந்ததால் அகலம் தேவையற்றுப் போய்விட்டது என்ற வாதம், போட்ட தார் போட்ட மாதிரியே இருக்கும் ஊருக்குப் பொருந்தும்.

அகலம் நல்லது என்றால் 50க்கே போய்விடலாமே என்பதுதான் கடைசியாக எஞ்சுவது, இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. 26×1.95, 26×2.125 என்று தொண்ணூறுகளுக்குப் பிறகு பையன்கள் விரும்பி வாங்கிய மவுண்டன் பைக் டயர்கள் அந்த வழியில் போனவை. குமிழ் குமிழாகப் பல் வைத்த அந்த டயர் தார்ச்சாலையில் உறுமிக்கொண்டே காலைப் பிடித்து இழுக்கும்; பாதி வாங்கியவர்கள் சேற்றையே பார்த்திருக்க மாட்டார்கள். வழவழப்பான நடுப்பகுதி உள்ள 50 மில்லிமீட்டர் டயர் அவ்வளவு மோசமல்ல, தளர்ந்த மணலில் நிஜமாகவே உதவும். ஆனால் இந்தப் பக்கத்துப் பாதைகளில் மணல் இடையிடையேதான் வருகிறது, களிமண்தான் சோதனை. வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரை ஓரக் களிமண் டயரில் சுருள் சுருளாக ஏறும். பிரேமுக்கும் டயருக்கும் நடுவில் ஐந்தாறு மில்லிமீட்டர்தான் இடைவெளி என்றால் பத்து சுற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மட்கார்டு போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். ஆக மேல் எல்லையைத் தீர்மானிப்பது டயரின் குணமல்ல, பிரேம் விட்டுவைக்கும் இடம். பெரிய சைக்கிள்காரர் 40 மில்லிமீட்டர் டயரையும் தாராளமான மட்கார்டையும் சேர்த்தே வைத்திருந்ததில் இந்தக் கணக்கு அடங்கியிருந்தது. கிராவல் பைக் வாங்குகிறவர் பிரேமில் 45 நுழையும் என்று எழுதியிருந்தால் 45 போடாமல் 40 போட்டு மீதி ஐந்தைச் சேற்றுக்கு விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டுக் காற்றில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். பழைய டியூபில் இருந்தது ரப்பர்க் குழல் மாட்டிய வால் டியூப் வால்வு. அதில் அளவுமானி வைத்துச் சரியாகப் பார்க்க முடியாது. கடைக்காரர் காலால் பம்பை மிதித்துப் பிடித்து அடித்துவிட்டுக் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பார். கல்லாக இருந்தால் திருப்தி. அந்தப் பழக்கம் மிச்சமாகி, இன்றும் 40 மில்லிமீட்டர் டயரில் 70 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு, அகலம் பயன்படவில்லை என்று குறைபடுகிறவர்கள் உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்பது சுமார் 43 பி.எஸ்.ஐ. 70 கிலோ எடையுள்ளவர் பாரம் ஏற்றாமல் 40 மில்லிமீட்டர் டயரில் போகும்போது பின்னால் 40 முதல் 43 வரை, முன்னால் நாலைந்து குறைவாக வைத்துத் தொடங்கலாம். ரிம் தட்டினால் இரண்டு கூட்ட வேண்டும். கை மரத்துப்போனால் இரண்டு குறைக்க வேண்டும்.

டயர் வாங்கும்போது அங்குலத்தை நம்பாமல் பக்கவாட்டில் உள்ள இரட்டை எண்ணைப் பாருங்கள். 28 அங்குலம் என்று எழுதியிருக்கும் பெரிய சைக்கிள் டயர் 635 ரிம்முக்கானது. கிராவல் பைக்கின் 622 ரிம்மில் தொளதொளவென்று நிற்கும், காற்றடித்தால் கழன்று வெளியே வரும். 26×1⅜ டயர் 590. மவுண்டன் பைக்கின் 26 அங்குல ரிம் 559. இரண்டிலும் 26 என்றே எழுதியிருக்கும், ஒன்று மற்றதில் ஏறாது. ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் பக்கத்துப் பாதைகளுக்கு 40-622, மட்கார்டு இறுக்கமாக இருந்தால் 38, கேரியரில் பாரம் ஏற்றுவதாக இருந்து பிரேமில் இடமும் இருந்தால் 45. 35க்குக் கீழே தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.